கிட்வே நடுவர் ஊதிய விசில்

எங்கள் தமிழ்ச் சங்கத்து மலரில் அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள்: 2007 கால்பந்துக் கோப்பை, பிளானோ அணி வெற்றி, இரண்டுக்கு ஒன்று. பக்கத்திலேயே, கோப்பைக்குப் பணம் கொடுத்த சேனாபதி பொன்னாடையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம். வழவழப்பான காகிதத்தில் கலரில் பொய். நான் எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். டெக்சாஸில் இர்விங் என்கிற ஊரில் ஹலால் கறிக்கடை வைத்திருக்கிறேன். எழுத்து எனக்கு வராது. பொய்யைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருப்பதும் வராது. அதனால் திருமூர்த்தி வாத்தியாரைப் பற்றித் தெரிந்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். கணக்கைத் திருத்தாதீர்கள்.

வாத்தியாரை முதலில் பார்த்தது 2003இல். சனிக்கிழமை, கடையில் கூட்டம். மூலையில் டிவியில் ஏதோ ஒரு மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நான் காயல்பட்டினத்துக்காரன். எங்கள் ஊரில் பந்து என்றால் காலால் உதைப்பதுதான், மட்டையால் அடிப்பதை விளையாட்டிலேயே சேர்ப்பதில்லை. கறி வெட்டும்போதும் ஒரு கண் டிவியில் இருக்கும். வரிசையில் நின்ற கட்டை குட்டையான ஒரு ஆள் திடீரென்று கத்தினார்.

"அவன் எங்க நிக்கிறான் பாருங்க! பந்துக்கு முதுகக் காட்டிட்டு! இவனெல்லாம் ஒரு ரெஃப்ரியா?"

"ஓய், நீரு என்ன பெரிய ரெஃப்ரியா வே?" என்றேன்.

"ஆமாங்க."

"எந்த ஊர்ல?"

"ஜாம்பியாவுங்க. கிட்வே. அந்த நாட்டு முதல் டிவிஷன் லீக்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான். "உடுமலைப்பேட்டை லீக்குன்னு சொல்லும், நம்புதேன்" என்றேன். பேச்சை வைத்தே அவர் ஊர்ப்பக்கம் தெரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. தலையைக் குனிந்து, உச்சியில் முடி முளைக்காத ஒரு கோட்டைக் காட்டினார்.

"பீர் பாட்டிலுங்க. பெனால்டி குடுத்ததுக்கு. உடுமலைப்பேட்டையில இப்படி யாராச்சும் குறி பாத்து அடிப்பாங்களா, நீங்களே சொல்லுங்க பாய்."

அன்றைக்குத் தொடங்கியது பழக்கம். நல்ல மனிதர் என்று சொல்ல வரவில்லை. வாயாடி. தற்பெருமை. எலும்புக்கறி கேட்பார், எலும்பு அதிகம் என்று சண்டை போடுவார். கடையில் இருக்கிற யாரையும் நிறுத்தி வைத்துக் கிட்வே கதையைச் சொல்வார். ஒரே கதையை ஒன்பது தடவை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூடக் கோல் கணக்கு மாறியதில்லை.

எண்பத்துநான்கில் நம் ஊரிலிருந்து வாத்தியார்களைக் கூட்டம் கூட்டமாக ஜாம்பியாவுக்கு எடுத்தார்கள். இவரும் கல்யாணமான புதிதில் மனைவி நாகரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். தாமிரச் சுரங்கம் இருக்கிற ஊர் கிட்வே. சுரங்கக் கம்பெனி நடத்திய பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அங்கே ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு கிளப். பட்டாளத்துக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று. ஆட்டக்காரன் சுரங்கத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பான். ஷிப்ட் முடிந்து வந்து பந்து உதைப்பான். ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை தாமிரம் கூடுதலாக வெளியே வரும் என்பார்கள்.

இவர் எப்படி நடுவரானார் என்று நானே கேட்டேன்.

"அங்க எந்த ஆள் விசில் ஊதினாலும் அவன் அந்தச் சுரங்கத்துக்காரன், இவன் இந்த இனத்துக்காரன், அவன் அந்த கோல்கீப்பருக்கு மச்சான்னு ஒரு பேச்சு வருமுங்க. எனக்கு அந்த நாட்டுல மாமன் மச்சான் யாரு இருக்கறா? அதனாலதான் விசிலை எங்கையில குடுத்தாங்க."

பள்ளிக்கூட மேட்ச்சில் தொடங்கி, கொடி பிடித்து, கடைசியில் முதல் டிவிஷனில் ஏறிவிட்டார். அந்த லீக்கும் யோக்கியம் கிடையாது. பெரிய மேட்ச்சுக்கு முந்தின நாள் வீட்டு வாசலில் கோழியைக் கட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்தக் கிளப் இரண்டு, அந்தக் கிளப் மூன்று. நாகரத்தினம் அக்கா ஒருநாள் கடையில் வைத்தே சொன்னார்கள்: "அத்தனை வருசமும் கோழி திருப்பிக் குடுக்கறதே எனக்கு வேலையுங்க அண்ணா. ஊரே கோழி திங்கும். எங்கூட்டுல மட்டும் பருப்பு."

பாட்டில் விழுந்த கதை இதுதான். ஒரே ஊர்க் கிளப்புகள் இரண்டு மோதின. அதில் ஒன்று இவருக்குச் சோறு போடுகிற சுரங்கத்தின் கிளப். சுரங்க மேனேஜர்தான் கிளப்புக்குச் சேர்மன். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் அந்தக் கிளப்புக்கு எதிராகவே பெனால்டி கொடுத்தார். தோற்றுப்போனார்கள். தலையில் ரத்தம் ஒழுக இவரை ஆம்புலன்சில் கடத்திக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

"வேலை போயிருக்குமே வே?"

"அதாம் பாய் இல்ல. அந்தச் சேர்மன் கோட்டுக்கு வெளிய நின்னு எங்க அப்பன் பாட்டன் எல்லாத்தையும் இழுத்துத் திட்டினானுங்க. வருசம் பூரா மூஞ்சி குடுத்துப் பேசல. ஆனா வேலையில கை வெக்கல. கோட்டுக்கு வெளிய நின்னு என்ன வேணாத் திட்டலாம், அது அவங்க உரிமை. உள்ள கால் வெக்கப்படாது."

தொண்ணூற்று மூன்றில் ஜாம்பியா தேசிய அணி போன விமானம் கடலில் விழுந்து அத்தனை பேரும் போய்விட்டார்கள். அந்தக் கதைக்கு மட்டும் அவர் குரல் இறங்கும். "பாதிப் பேருக்கு நான் மஞ்சக் கார்டு காட்டியிருக்கறனுங்க" என்பார். அதற்கு மேல் சொன்னதில்லை.

பிறகு சுரங்கத்தை விற்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் நொடித்தது. கிட்வேயில் பிறந்த மகள் வெண்பாவைத் தூக்கிக்கொண்டு உடுமலைப்பேட்டை. அங்கே தனியார் பள்ளியில் சில வருஷம். 2002 கடைசியில் டெக்சாஸ். இங்கே பள்ளிகளில் கணக்கு வாத்தியாருக்குப் பஞ்சம். ஊரிலிருந்து ஆள் பிடித்துக் கொடுக்கிற கம்பெனிதான் சேனாபதியுடையது. வாத்தியார்கள், கம்ப்யூட்டர் பையன்கள், எல்லாம் அவன் கொண்டுவந்த சரக்கு. விசா அவன் கம்பெனி பேரில். ஆறு வருஷம்தான் இருக்க விடுவார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே அவன் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணினால் மேற்கொண்டு இருக்கலாம். பண்ணாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவன் அப்ளை பண்ண வேண்டிய அந்தக் கெடு 2007 டிசம்பரில் முடிகிறது. வெண்பா அப்போது பன்னிரண்டாவது. நாகரத்தினம் அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், என் காதுபடவே: "மூணு தடவை நாடு விட்டு நாடு மூட்டை கட்டிட்டனுங்க. நாலாவது தடவை என்னால ஆகாது."

சேனாபதி ஈரோட்டுப் பக்கம். அக்காவுக்கும் அவனுக்கும் தூரத்தில் ஏதோ உறவு. தங்கை முறை என்று அவனாக ஒட்டிக்கொண்டு வாத்தியாரை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவான். ஆகவே கவனியுங்கள். கிட்வேயில் மாமன் மச்சான் இல்லாத மனிதருக்கு டெக்சாஸில் ஒரு மச்சான் முளைத்துவிட்டான்.

அந்த வருஷம் செப்டம்பரில் சங்கத்துக் கோப்பை இறுதி ஆட்டம். இர்விங்குக்கும் பிளானோவுக்கும். ஸ்பான்சர் சேனாபதி. பிளானோ பையன்கள் முதுகில் அவன் கம்பெனி பேர். சிறப்பு விருந்தினரும் அவனேதான். நடுவர் வேண்டும் என்று சங்கத் தலைவர் செழியன் வாத்தியாரைப் பிடித்தார். வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். புதுக் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, முழங்கால் வரை காலுறை. அந்தத் தொப்பையோடு பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. விசில் ஊதியதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆள் அப்படி ஓடினார்.

ஆட்டத்துக்கு முன்னால் செழியனிடம் அவர் ஒன்றே ஒன்று சொன்னார். நான் பக்கத்தில் பிரியாணி அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"தலைவரே, விருந்தாளிக்குக் கை குடுக்கறது, போட்டோ எல்லாம் ஆட்டத்துக்கு முன்னாடி. இல்லைன்னா முடிஞ்ச பொறவு. நடுவுல வேண்டாமுங்க."

"கண்டிப்பா சார். சார் ஆன் த வே, டோல்வேயில இருக்காரு."

டோல்வேயில், அந்தச் சுங்கச் சாலையில், இருந்த ஆள் ஆட்டம் தொடங்கும் வரை வரவில்லை. மைதானத்தை நேரத்துக்குக் காலி பண்ண வேண்டும் என்பதால் வாத்தியார் காத்திருக்கவில்லை, ஊதிவிட்டார். நல்ல ஆட்டம். இர்விங் ஒன்று போட்டது, பிளானோ ஒன்று போட்டது. முடிய ஐந்தாறு நிமிஷம் இருக்கும்போது சேனாபதியின் கறுப்பு வண்டி வந்து நின்றது.

நம் ஆட்களுக்கு விருந்தாளியைக் கண்டால் புத்தி கெட்டுவிடும். ஐந்து நிமிஷம் நாற்காலியில் உட்கார வைத்தால் அவன் கௌரவம் செத்தா போய்விடும்? செழியன் மைக்கைப் பிடித்தார். "நமது பெருமதிப்பிற்குரிய சிறப்பு விருந்தினர் அவர்கள் இப்பொழுது விளையாட்டு வீரர்களைச் சந்தித்து..." ஸ்பீக்கர் அலறியது. முன்னால் போட்டோக்காரன் பின்பக்கமாக நடக்கிறான். பொன்னாடையைத் தட்டில் ஏந்தி ஒருவர். குங்குமச் சிமிழோடு இரண்டு அம்மாக்கள். நடுவில் சேனாபதி, கும்பிட்ட கையோடு. கோட்டைத் தாண்டி உள்ளே. பந்து ஓடிக்கொண்டிருக்கிறது!

வாத்தியார் விசில் ஊதினார். நான் கோட்டோரம்தான் நின்றேன், என் காதில் விழுந்தது. இரண்டு தடவை ஊதினார், கையைத் தூக்கினார். ஸ்பீக்கர் சத்தத்தில் அந்தப் பக்கம் கேட்கவில்லை.

இர்விங் கோல்கீப்பர் ஜுஹைர். எங்கள் காயல்பட்டினத்துப் பையன், என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவன். நடக்கத் தெரியுமுன் பந்து உதைத்த ஊரில் பிறந்தவன். சேனாபதி கம்பெனியில் வேலை. முதலாளி வருவதைப் பார்த்ததும், அல்லாவே, கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கோலை விட்டு வெளியே வந்து, கை கொடுக்க வரிசையில் நிற்கிற மாதிரி நின்றான்! பிளானோக்காரன் ஒருவன் பந்தைச் சும்மா தட்டிவிட்டான். உருண்டு உள்ளே போயிற்று.

கைத்தட்டல். "கோல்! விருந்தினர் வந்த ராசி, பிளானோ வெற்றி!" என்று மைக்கில் செழியன். அப்புறம் எவனுக்கும் ஆட்டம் ஞாபகம் இல்லை. பொன்னாடை, போட்டோ, லட்டு.

வாத்தியார் பந்தை எடுத்துவந்து, ஆட்டம் நின்ற இடத்தில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு நின்றார்.

"கோல் இல்லீங்க. வெளியாளு உள்ள வந்தாரு, நான் ஊதிட்டேன். அப்புறந்தான் பந்து போச்சு. இங்கிருந்து ஆரம்பிக்கணும். எல்லாரும் வெளிய போங்க."

செழியன் ஓடினார். "சார், சார், டென்ஷன் ஆகாதீங்க. ஃப்ரெண்ட்லி மேட்ச்தானே? அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"அட்ஜஸ்ட் பண்றதுக்கு இது பஸ் சீட்டு இல்லீங்க தலைவரே, ஸ்கோரு."

சேனாபதி பொன்னாடையைச் சரிபண்ணிக்கொண்டே வந்தான். சிரித்தபடி வாத்தியார் தோளில் கை போட்டான். "ஏனுங் மாப்ள, நல்ல கோல்தானுங்ளே? நம்ம பசங்க சந்தோசமா இருக்கறாங்க. வுடுங்க. நம்ம பேப்பர் வேலையெல்லாம் வேற இருக்குது. அடுத்த வாரம் ஆபீசுக்கு வாங்க, பேசிக்கலாம்."

அந்த 'பேப்பர்' எங்கே குத்தியது என்று எனக்குத் தெரிந்தது. வாத்தியாருக்குத் தெரியாதா? தோளிலிருந்த கையை எடுத்துக் கீழே விட்டார்.

"நீங்க இன்னும் உள்ளதான் நிக்கறீங்க" என்றார். "வெளிய போங்க. போனீங்கன்னா ஆரம்பிச்சுருவேன்."

யாரும் வரவில்லை. இர்விங் பையன்கள் பிரியாணிக்கு வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் ஜுஹைரைக் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். "போடா, போய்க் கோல்ல நில்லு!"

"காக்கா, விடுங்க காக்கா. என் விசா அவர் கையில இருக்கு."

"வாத்தியாருக்கும்தாண்டா இருக்கு! அவரு நிக்கல?"

கோப்பை பிளானோவுக்குக் கொடுக்கப்பட்டது. வாத்தியார் மட்டும் பந்தை மிதித்துக்கொண்டு வெயிலில் நின்றார். கடைசியில், ஆட்டம் பாக்கி இருக்கிறது, ஒன்றுக்கு ஒன்று என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். பிரியாணியைத் தொடவில்லை. நான் அண்டாவைக் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை.

அதற்குப் பிறகு பேப்பர் நகரவில்லை. வாத்தியார் போன் பண்ணினால் சேனாபதி மீட்டிங்கில். செழியன், அவர் மனைவி, கோவிலில் பார்க்கிறவர்கள், கார் நிறுத்துமிடத்தில் பார்க்கிறவர்கள், ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். ஒரு சாரி சொன்னால் என்ன? விளையாட்டுதானே? பெற்ற மகளே சொன்னாள்: "டாட், இட்ஸ் ஜஸ்ட் எ கோல்." கடைசியில் நானும் சொன்னேன், மகளை நினைத்து. "சொல்லித் தொலையும் வே. வாயில இருந்துதானே வருது, மனசுல இருந்தா வருது?"

"விசில் வாயிலதாங்க ஊதறது" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கடையை விட்டு வெளியே போகச் சொன்னேன். மறுவாரமும் வந்து எலும்பு அதிகம் என்று சண்டை போட்டார்.

நவம்பரில் தீபாவளி விழா. ஒரு பள்ளிக்கூட அரங்கம். வாத்தியார் அக்காவோடும் வெண்பாவோடும் வந்திருந்தார். வேஷ்டி சட்டை, நல்ல மனநிலை. அந்த வாரம்தான் வக்கீலிடமிருந்து பேப்பர் அனுப்பியாயிற்று என்று தகவல் வந்ததாம். "பாத்தீங்களா பாய், சேனாபதியும் மனுசன்தானுங்க. கோபம் வேற, வேலை வேற. கிட்வேக்காரன் மாதிரி" என்றார். நானும் நம்பினேன்.

பாட்டு, டான்ஸ் எல்லாம் முடிந்து சேனாபதி மேடையேறினான். என்னென்னவோ பேசினான். பிறகு மைக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"போட்டியில ஒரு சின்ன மனஸ்தாபம் ஆயிருச்சுங்க. ஆனா நம்ம மாப்ள திருமூர்த்தி பெரிய மனசுக்காரரு. தான் ஊதினது தப்பு, அந்த கோல் கோல்தான், மன்னிச்சுக்கங்கன்னு எனக்குச் சொல்லியனுப்பிட்டாரு. அவருக்கு ஒரு கைத்தட்டல் குடுங்க!"

வாத்தியார் எழுந்துவிட்டார். நான் இரண்டு வரிசை பின்னால். கழுத்து நரம்பு தெரிகிறது. வாயைத் திறந்தார். பக்கத்தில் நாகரத்தினம் அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் அக்காவைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது, யார் சொல்லியனுப்பியது என்று. அக்காதான் பிளானோவில் அவன் ஆபீசுக்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

அரங்கம் காத்துக்கொண்டிருந்தது. தலை உடைந்தும் பெனால்டியை மாற்றாத மனிதர், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

கைத்தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலை என்னால் தாங்க முடியவில்லை. நான் எழுந்தேன். "பொய்! விசில் ஊதினப்புறம் போன பந்து அது! நான் பார்த்தேன்! ஜுஹைர், நீ எந்திரிச்சுச் சொல்லுடா!" என்று கத்தினேன். வேறு என்ன கத்தினேன் என்பது அச்சில் ஏறாது. நாலு பேர் வந்து என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். "பாய், பிள்ளைகள் இருக்கிற இடம்" என்றார் செழியன். அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்னால் மேடையில் கேட்டது என்னவாம்?

காருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர்கள் மூவரும் வந்தார்கள். அக்கா என்னைப் பார்க்காமல் அவரிடம்தான் பேசினார்கள். அழவில்லை.

"இத்தனை வருசமும் உங்க விசிலுக்கு நாந்தான் கோழியத் தூக்கிட்டு நடந்தேன். நாந்தான் மூட்டை கட்டினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்காக ஒரு பொய் சொன்னேன். வேணும்னா உள்ள போய் நான் பொய்க்காரின்னு மைக்குல சொல்லுங்க. போங்க."

சொல்லிவிட்டு மகளோடு காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்கள். வாத்தியார் என் பக்கம் திரும்பினார். என் மேல் பாய்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

"உங்களை யாருங்க பேசச் சொன்னது?"

"நீரு பேசல. அதான் நான் பேசினேன். ஏன் வே உக்காந்தீரு?"

"நான் நிமிந்து இல்லைன்னு சொன்னா பொய்க்காரன் யாருங்க, சேனாபதியா? எம்பட பொண்டாட்டி. இது தெரியாம நீங்க பாட்டுக்கு எந்திரிச்சுக் கத்தறீங்க. பக்கத்துல அவ உக்காந்திருக்கறா." மூச்சு வாங்கினார். "எம்பட பேருல அவ பேசிட்டா. எம்பட பேருல சேனாபதி பேசிட்டான். இப்ப நீங்களும். இனிமேல் எம்பட பேருல ஒரு வார்த்தை பேசாதீங்க பாய்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சல். அக்காவைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. அவரைக் குறை சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. குறை சொல்ல வேண்டியவன் ஒருத்தன்தான், அவனுக்கு வழவழக் காகிதத்தில் கலர் படம்.

வாத்தியார் இர்விங்கிலேதான் இருக்கிறார். கணக்குப் பாடம் நடத்துகிறார். வெண்பா காலேஜ் போகிறாள். அந்தக் கறுப்புச் சட்டையை அவர் மறுபடி போடவில்லை. இப்போது கறி வாங்குவது வேறு கடையில். அங்கே எலும்பு குறைவாக இருக்கும், சண்டை போட என்ன இருக்கிறதோ தெரியவில்லை.

அவர் பேரில் பேசக் கூடாது என்றார். பேசவில்லை. இது என் பேரில் எழுதுவது. பசீர் அகமது, கறிக்கடை, இர்விங். கோட்டோரம் நின்று பார்த்தவன். சேனாபதி உள்ளே கால் வைத்தான், விசில் ஊதியது, அதற்கப்புறம்தான் பந்து வலைக்குள் போயிற்று. மலரில் போட்டவர்கள் மாற்றிப் போடுங்கள். ஒன்றுக்கு ஒன்று.